பயணப் பலகையின் மூன்றாவது விதி

எங்கள் பயணப் பலகைக்கு ஏழு விதிகள் இருந்தன. ஆறு விதிகளை ஸ்டேஷன் மாஸ்டர் எழுதினார். மூன்றாவது விதி மட்டும் என்னுடையது. மற்ற ஆறைப் பற்றி யாராவது முணுமுணுத்தால் "ஐயாவைப் போய்க் கேளுங்க" என்று கைகழுவி விடுவேன். மூன்றாவதைப் பற்றி வாயைத் திறந்தால் அங்கேயே சண்டைக்கு நிற்பேன். அப்போது எனக்கு இருபத்து நாலு வயது. உலகத்தில் பாதிக் கஷ்டம் தெரியாததைத் தெரிந்த மாதிரி பேசுகிறவர்களால்தான் வருகிறது என்று நம்பிக்கொண்டிருந்தேன். இப்போதும் பெரும்பாலும் அப்படித்தான் நம்புகிறேன்.

எழுபதுகளின் நடுப்பகுதி அது. மலேசியாவின் ஈப்போவில் இந்தியக் கடைகள் இருந்த தெருவில், ஒரு தையல்கடைக்கு மேல் மாடியில் எங்கள் வாசகசாலை இருந்தது. மரப்படி ஏறிப் போனால் நேர் எதிரே சுவரில் பலகை. ஒரு பள்ளிக்கூடம் வேண்டாமென்று தள்ளிய ஒட்டுப்பலகையின் மேல் பச்சைத் துணி அடித்து நாங்களே செய்தது. அந்தக் காலத்தில் எங்கள் மக்கள் ஊருக்குப் போவதென்றால் பினாங்கிலிருந்து கப்பல்தான். சில வாரங்களுக்கு ஒருமுறை புறப்படும். நாகப்பட்டினம் போய்ச் சேர ஒரு வாரம் ஆகும். முதல் தடவை போகிறவர்களுக்கு ஒன்றும் தெரியாது. என்ன தாள் வேண்டும், கீழ்த்தட்டில் எந்தப் பக்கம் படுத்தால் வாந்தி குறையும், இறங்கிய பிறகு எந்த ரயிலில் மாற வேண்டும் என்று ஆயிரம் சந்தேகம். போய் வந்தவர்களுக்கு எல்லாம் தெரியும். ஆனால் கேட்கிறவர் வடக்கே சுங்கை சிப்புட் பக்கம் ஒரு தோட்டத்தில் இருப்பார், தெரிந்தவர் தெற்கே சுங்காய் பக்கம் ஒரு தோட்டத்தில் இருப்பார். இருவரையும் சேர்த்து வைக்கத்தான் பலகை. கேள்வியை ஒரு அட்டையில் எழுதிக் குத்திவிட்டுப் போனால், தெரிந்தவர் பதிலை அதற்குக் கீழே குத்துவார்.

அட்டைக்குப் பழைய கல்யாணப் பத்திரிகைகளைப் பாதியாக வெட்டி வைத்திருந்தோம். பின்பக்கம் வெள்ளையாக இருக்கும். மஞ்சள் தடவிய மூலைகளோடு பலகை முழுக்க ஏதோ விசேஷ வீடு மாதிரி தெரியும்.

பலகையைப் பார்த்துக்கொண்டது நாங்கள் இரண்டே பேர். சாவி மட்டும் கீழே தையல்கடை அண்ணனிடம் இருக்கும். புதன்கிழமை சாயந்திரம் ஸ்டேஷன் மாஸ்டர், ஞாயிற்றுக்கிழமை காலை நான். அவர் யாழ்ப்பாணத்துக்காரர், ரயில்வேயில் இருந்து ஓய்வு பெற்றவர். வெள்ளைக் கால்சட்டையில் மடிப்புக் கலையாமல் வருவார். நான் சுங்கை சிப்புட்டுக்கு அப்பால் ஒரு ரப்பர் தோட்டத்தில் பிறந்து, டைப்ரைட்டிங் கற்றுக்கொண்டு ஈப்போவில் ஒரு வக்கீல் ஆபீசுக்கு வந்தவள். அவருக்கு என் தமிழ் பிடிக்காது, எனக்கு அவர் பொறுமை பிடிக்காது. மற்றபடி ஒத்துப்போனோம்.

விதிகள் ஒவ்வொன்றும் ஒரு தலைவலியிலிருந்து பிறந்தவை. பெயரும் தோட்டமும் இல்லாத அட்டையை எடுத்துவிடுவோம் என்பது முதல் விதி. விற்பனை கூடாது என்பது இரண்டாவது. ஒருவர் பிளாஸ்க்கும் கம்பளியும் விற்கப் பார்த்தார், இன்னொருவர் தன் மச்சானுக்குப் பெண் தேடினார். அடுத்தவர் தலையில் சாமான் கட்டக் கூடாது என்பது நாலாவது. "நாகப்பட்டினம் போகும் அன்பர், ஒரு சின்னப் பெட்டி" என்று ஆரம்பிக்கும் அட்டைகள் வந்துகொண்டே இருந்தன. சின்னப் பெட்டி என்பது நாலு மைலோ டின், ஆறு கோடாலித் தைலம், ஒரு கம்பளி, ஒரு சுவர்க்கடிகாரம். ஐந்தாவது, சாதி கேட்டு வழித்துணை தேடக் கூடாது. "நம்மவராக இருந்தால் நல்லது" என்று நாசூக்காக எழுதுவார்கள். அந்த அட்டைகளைக் கிழிக்கும்போது எனக்குத் தனி சந்தோஷம் இருந்ததை மறைக்க மாட்டேன். ஆறாவது, ஆறு மாதமான அட்டைகளை எடுத்துவிடுவோம். ஏழாவது, போய் வந்தவர்கள் பதினைந்து நாளுக்குள் தங்கள் அனுபவத்தை ஓர் அட்டையில் எழுத வேண்டும். அப்போது வரை இதை ஒரு ஆள்கூடச் செய்ததில்லை. திரும்பி வந்த மறுநாளே விடியற்காலையில் பெயர் கூப்பிடும் பெரட்டுக்கு நிற்க வேண்டிய மனிதர்கள், இவ்வளவு தூரம் பஸ் ஏறி வந்து அட்டை எழுதுவார்களா? ஐயா அந்த விதியை எடுக்கவும் மாட்டேன் என்றார்.

மூன்றாவது விதி இப்படி வந்தது. ஒருவர், கப்பலில் சோறு போடமாட்டார்கள், எல்லாரும் சொல்கிறார்கள், என்று எழுதிக் குத்திவிட்டுப் போனார். அதை நம்பி ஒரு குடும்பம் ஒரு மூட்டை அரிசியும் மண்ணெண்ணெய் அடுப்பும் தூக்கிக்கொண்டு பினாங்குக்குப் போனது. அடுப்பைக் கப்பல்காரர்கள் பிடுங்கி வைத்துக்கொண்டார்கள். அரிசியின் மேல் ஏழு நாள் உட்கார்ந்து, கப்பல் சோற்றைத் தின்றுகொண்டே போயிருக்கிறார்கள். இதை அந்தக் குடும்பத்து அக்கா என்னிடம் வந்து சொல்லித் திட்டிய திட்டில் எனக்குக் காது சூடாகிவிட்டது. அன்றைக்கே ஐயாவிடம் ஒற்றைக் காலில் நின்று மூன்றாவது விதியைச் சேர்த்தேன்.

"நீங்களே போய்ப் பார்த்ததை மட்டும் எழுதவும். பிறர் சொல்லக் கேட்டதை எழுதக் கூடாது. அட்டையின் கடைசியில் 'நானே பார்த்தது' என்று குறிப்பிடவும்."

இந்த விதியால் அதிகம் அடிபட்டவர் ஒரு லாரிக்காரர். சுங்காய்க்காரர். வாரம் ஒருமுறை ஈப்போவுக்குச் சரக்கு ஏற்றி வருவார். லாரியை எங்கோ நிறுத்திவிட்டு, தோளில் துண்டோடு படியேறி வந்து ஒரு அட்டை எழுதாமல் போகமாட்டார். கோணல் மாணலாக எழுத்து. அவர் எந்தக் கப்பலிலும் ஏறியதில்லை. பினாங்குத் துறைமுகத்துப் பாலாய் கூடம் வரைக்கும் சரக்கு இறக்கப் போயிருக்கிறார், அவ்வளவுதான். ஆனால் அவருக்குத் தெரியாத சங்கதி இல்லை. கப்பல் சமையல்காரர் தஞ்சாவூர்க்காரர், கேட்டால் ரசம் தனியாக வைத்துத் தருவார் என்று எழுதினார். சுங்கச் சோதனையில் சவுக்காரக் கட்டி ஒன்று நீட்டினால் பெட்டியைத் திறக்கமாட்டார்கள் என்று எழுதினார். நான் எடுப்பேன். அடுத்த வாரம் வேறு ஒன்று எழுதுவார்.

"என்னா தங்கச்சி, நான் எழுதுனாலே கையில கத்தரி எடுத்துடுறீங்க?"

"அண்ணே, நீங்க பாத்தீங்களா?"

"பாத்தவன் என்கிட்ட சொன்னான்லா."

"அப்ப அவர வந்து எழுதச் சொல்லுங்க."

சிரித்துக்கொண்டே இறங்கிப் போவார். அவருக்குக் கோபம் வராதது எனக்கு இன்னும் கோபத்தைக் கிளப்பும்.

நானும் ஓர் அட்டை எழுதியிருந்தேன். பலகை தொடங்குவதற்கு முந்தின வருடம் என் அம்மாவைக் கூட்டிக்கொண்டு ஊருக்குப் போய் வந்திருந்தேன். அம்மாவுக்குச் சிவப்பு அடையாள அட்டை. இங்கே எத்தனை வருடம் பாலுக்கு ரப்பர் மரம் வெட்டியிருந்தாலும் குடியுரிமை கிடைக்காதவர்களுக்கு அந்த நிறம்; எனக்கெல்லாம் நீலம். சிவப்பு அட்டைக்காரர்கள் நாட்டை விட்டு வெளியே போனால், திரும்பி வருவதற்கு முன்கூட்டியே பாஸ்போர்ட்டில் ஒரு அனுமதி முத்திரை வாங்கிக்கொள்ள வேண்டும். அம்மாவுக்கு அதை வாங்க நாங்கள் நின்ற வரிசை எனக்குத்தான் தெரியும். கப்பலுக்குப் பத்து நாள் இருக்கும்போதுதான் முத்திரை விழுந்தது. அதனால் இப்படி எழுதினேன்:

"சிவப்பு அட்டை வைத்திருப்பவர்கள் எல்லாவற்றுக்கும் முன்னால் திரும்பி வரும் முத்திரையை வாங்கிவிடுங்கள். ஆறு மாதம் கொடுப்பார்கள். டிக்கெட்டு பிறகு. கடைசி நேரத்துக்கு வைத்துக்கொண்டால் தவித்துப் போவீர்கள். நானே பார்த்தது."

அதில் ஒரு வரிகூடப் பொய் இல்லை. பலகையிலேயே தெளிவான அட்டை என்று ஐயாவே சொன்னார். ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஆறாவது விதிப்படி எடுத்து, அதே வாசகத்தைப் புது அட்டையில் எழுதி மறுபடி குத்துவேன்.

ஒரு தைப்பூசம் முடிந்த ஞாயிற்றுக்கிழமை வேறோர் அக்கா வந்தார். எங்கள் சுங்கை சிப்புட் பக்கம் ஒரு தோட்டத்தில் மரம் வெட்டுகிறவர். முப்பது வயது இருக்கும். ஏழு வயதில் அத்தையோடு கப்பலேறி வந்தவர். அதற்குப் பிறகு ஊரைப் பார்த்ததில்லை. அப்பாவுக்குக் கை கால் விழுந்துவிட்டது என்று நாகப்பட்டினத்துக்குப் பக்கத்து கிராமத்திலிருந்து கடிதம் வந்திருந்தது. புருஷன் இங்கேயே பிறந்தவர், நீல அட்டை. அக்காவுக்குச் சிவப்பு. பையனுக்கு ஆறு வயது. பெண் குழந்தைக்கு ஒன்றரை வயது. அன்றைக்கு இடுப்பில் உட்கார்ந்து என் ஊசி டப்பாவைப் பிடுங்கிக்கொண்டிருந்தது. பிள்ளைகளை நாத்தனாரிடம் விட்டுவிட்டு இரண்டு மாதத்தில் போய் வந்துவிட வேண்டும் என்பது அக்காவின் கணக்கு.

"எனக்குப் படிக்கத் தெரியாது தங்கச்சி. செவப்பு அட்டைக்கு என்னென்ன எழுதியிருக்கோ எல்லாத்தையும் படிச்சிச் சொல்லுங்க."

நான் என் அட்டையைத்தான் முதலில் படித்தேன். இரண்டு தடவை படித்தேன். படிக்கும்போது என் குரலில் இருந்த பெருமை எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது.

அந்த வாரமே போய் முத்திரை வாங்கிவிட்டார். அடுத்த ஞாயிறு வந்து பாஸ்போர்ட்டைத் திறந்து காட்டினார். "பாத்தீங்களா, ஒங்க பேச்சக் கேட்டு மொத வேலையா முடிச்சிட்டேன்." நானும் பார்த்துத் தலையாட்டினேன். முத்திரையில் தேதி இருந்தது. ஆபீசில் நாள் முழுக்கத் தேதி டைப் அடிக்கிறவள் நான். அந்தத் தேதி எதைச் சொல்கிறது என்று யோசிக்கவில்லை.

பிறகு பையனுக்கு அம்மை போட்டது. அவனுக்குத் தலைக்குத் தண்ணீர் ஊற்றிய வாரம் சின்னதுக்குப் போட்டது. ஒரு கப்பல் போனது. அடுத்த கப்பலில் இடம் இல்லை. இப்படியே பங்குனி ஆகிவிட்டது.

அந்த இடைவெளியில்தான் லாரிக்காரர் ஒரு அட்டை எழுதினார். சனிக்கிழமை குத்தியிருக்கிறார், ஞாயிற்றுக்கிழமை காலை நான் பார்த்தேன். என் அட்டைக்கு நேர் கீழே:

"இது சரியில்லை. முத்திரையை முன்கூட்டி வாங்காதீர்கள். ஆறு மாதம் என்பது முத்திரை குத்துன நாளில் இருந்து ஓடும். கப்பல் ஏறுன நாளில் இருந்து இல்லை. எங்கள் சித்தப்பா மகன் இப்படித்தான் அங்கே மாட்டிக்கொண்டான் என்று கேள்வி."

'என்று கேள்வி' என்று அவரே எழுதியிருந்தார். எனக்கு ரத்தம் தலைக்கு ஏறியது. ரசம் தரும் சமையல்காரரையும் சவுக்காரக் கட்டியையும் எழுதிய ஆள், நான் வரிசையில் நின்று பார்த்து எழுதியதைச் சரியில்லை என்கிறார். அட்டையைப் பிடுங்கி, அதன் மேல் சிவப்புப் பென்சிலால் 'விதி 3' என்று கொட்டை எழுத்தில் எழுதினேன். அன்றைக்கு எதற்கோ ஐயாவும் வந்திருந்தார். கையில் வாங்கிப் பார்த்தார்.

"பிள்ளை, இதை ஒருக்கா விசாரிச்சுப் பார்த்தால் என்ன? சரியாகவும் இருக்கலாம்."

"சரியா இருந்தா, மாட்டிக்கிட்ட அந்த ஆள் வந்து எழுதட்டும் ஐயா. விதின்னா எல்லாருக்கும் விதிதானே?"

விதி என்ற வார்த்தைக்கு அவர் வாழ்நாள் முழுக்கக் கொடி காட்டியவர். எடுத்த அட்டைகளைப் போட்டு வைக்கும் பிஸ்கட் டின்னில் அதையும் போட்டார். ரயில்வே பழக்கம், எந்தத் தாளையும் அவர் எறியமாட்டார்.

அதற்கு அடுத்த ஞாயிறு அக்கா வந்தார். சித்திரை பிறந்ததும் கப்பலில் இடம் கிடைத்துவிட்டது என்று சொன்னார். "செவப்பு அட்டைக்குப் புதுசா எதாச்சும் எழுதியிருக்காங்களா?" என்று கேட்டார். பலகையை ஒரு தடவை மேலிருந்து கீழ் பார்த்துவிட்டு, "ஒன்னும் இல்லக்கா, நிம்மதியா போயிட்டு வாங்க" என்றேன்.

அக்கா போனார். ஆவணி கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, அவருடைய புருஷன் தனியாகப் படியேறி வந்தார். சட்டைப் பையிலிருந்து நீல ஏர்மெயில் தாளை எடுத்து என்னிடம் கொடுத்தார்.

"எங்க வீட்டு ஆளு அங்க மாட்டிக்கிச்சி. மலாய்ல ஒரு சூராட் எழுதணும், குடிநுழைவு ஆபீசுக்கு. நீங்க நல்லா எழுதுவீங்கன்னு அதுதான் எப்பவும் சொல்லும்."

கடிதம் யாரோ கிராமத்து வாத்தியார் எழுதிக் கொடுத்தது. அப்பா ஆனி மாதத்தில் இறந்துவிட்டார். முப்பதாம் நாள் காரியம் முடித்துக் கப்பலுக்குக் காத்திருந்து, நாகப்பட்டினம் துறைமுகத்துக்கு மூட்டை முடிச்சோடு போயிருக்கிறார். பாஸ்போர்ட்டைப் பார்த்தவர்கள் முத்திரை காலாவதியாகி ஒன்பது நாள் ஆகிவிட்டது என்று ஏற்றவில்லை. கப்பல் ஏறிய நாளிலிருந்து ஆறு மாதம் என்று நினைத்திருந்தேன், ஐப்பசி வரை இருக்கிறது என்று இருந்துவிட்டேன் என்று எழுதியிருந்தது. கடைசி வரி, பாப்பா ராத்திரியில் அழுகிறதா என்று எழுதவும்.

நான் அந்தத் தாளை மடிக்காமல் கையில் வைத்துக்கொண்டே பிஸ்கட் டின்னைத் திறந்தேன். ரொம்ப நேரம் தேட வேண்டியிருக்கவில்லை. சிவப்புப் பென்சில் எழுத்து தூரத்திலிருந்தே தெரிந்தது. சொல்லாமல் மறைத்திருக்கலாம், அவருக்குத் தெரிய வழியே இல்லை. ஒரு நிமிஷம் மறைக்கத்தான் நினைத்தேன். பிறகு அவருக்கு எதிரே உட்கார்ந்து முழுவதையும் சொன்னேன். என் அட்டையைப் படித்தேன், லாரிக்காரர் அட்டையைப் படித்தேன், அதை எடுத்தது நான்தான் என்றேன். அவமானமாக இருந்தது.

அவர் லாரிக்காரர் அட்டையை வாங்கிப் பார்த்தார்.

"இத எழுதுன அண்ணன் யாரு?"

"சுங்காய் லாரிக்காரர்."

"நல்ல மனுசன்" என்றார். பிறகு அட்டையை மேசையில் வைத்துவிட்டு, "சரி, சூராட் எழுதுங்க. மத்தியானம் பஸ் இருக்கு எனக்கு" என்றார்.

அவர் என்னைத் திட்டியிருந்தால் நான் பதில் சொல்லியிருப்பேன். எனக்கு அது கைவந்த கலை. திட்டாதபோது என்ன செய்வதென்று தெரியவில்லை.

மலாயில் ஒன்று, ஆங்கிலத்தில் ஒன்று, மதராஸில் இருந்த மலேசிய அலுவலகத்துக்கு ஒன்று என்று அன்றைக்கு மூன்று கடிதம் எழுதினேன். அடுத்த ஒரு வருடத்தில் எத்தனை எழுதினேன் என்று தெரியாது. கல்யாணச் சான்று கேட்டார்கள், கொடுத்தோம். தோட்டத்துக் கணக்கெழுதும் கிராணியின் கடிதம் கேட்டார்கள், வாங்கினோம். பிள்ளைகளின் பிறப்புப் பத்திரத்தை ஒருமுறை நகலெடுத்தும் இன்னொருமுறை அசலாகவும் கேட்டார்கள். ஐயா தன் வெள்ளைக் கால்சட்டையோடு எங்களுக்கு முன்னால் நடந்து, ஒவ்வொரு மேசையிலும் தன் பழைய பதவியைச் சொல்லி அறிமுகப்படுத்திக்கொண்டார். அது எந்த மேசையிலும் எடுபடவில்லை. ஆனாலும் அவர் வராமல் இருந்ததில்லை. ஒருமுறை வரிசையில் நிற்கும்போது, "நான் அண்டைக்கு இன்னும் ஒரு சொல்லுச் சொல்லியிருக்க வேணும் பிள்ளை" என்றார். நீங்கள் சொன்னாலும் நான் கேட்டிருக்கமாட்டேன் என்றேன். அது உண்மை.

முதல் கடிதங்கள் போன அடுத்த வாரம் லாரிக்காரருக்காகச் சனிக்கிழமையே வந்து காத்திருந்தேன். விஷயத்தைச் சொல்லி மன்னிப்புக் கேட்டேன். துண்டால் கழுத்தைத் துடைத்துக்கொண்டார். அவர் முகத்தில் சிரிப்பு இல்லாமல் அன்றைக்குத்தான் பார்த்தேன்.

"தங்கச்சி, நான் எழுதுறதுல பத்துக்கு ஒம்போது கதைன்னு எனக்கே தெரியும். நெசமான அந்த ஒன்னு எதுன்னு தெரிஞ்சா நான் ஏன் லா லோரி ஓட்டுறேன்?" துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு, "நீங்க எடுத்ததும் நானும் மறந்துட்டேன். இன்னொரு தடவ எழுதியிருக்கலாம். அந்த அக்காவுக்கு எத்தன புள்ளைங்க?" என்றார்.

இரண்டு என்றேன். அதற்குப் பிறகு அவர் சுங்கை சிப்புட் பக்கம் போகும்போதெல்லாம் அந்தத் தோட்டத்து வழியாகச் சுற்றிக்கொண்டு போய், பிள்ளைகளுக்கு ரொட்டி கொடுத்துவிட்டுப் போனதாகக் கேள்விப்பட்டேன்.

மூன்றாவது விதியை மாற்றினோம். ஐயா சொல்ல, நான் டைப் அடித்தேன். பிறர் சொல்லக் கேட்டதையும் எழுதலாம். யார் சொன்னார்கள் என்று சேர்த்து எழுத வேண்டும். விசாரித்துத் தெரிந்துகொள்வது பலகையைப் பார்த்துக்கொள்பவர்களின் வேலை. விசாரித்து முடித்ததும் நீலப் பென்சிலால் மூலையில் குறியிடுவோம். சிவப்புப் பென்சிலை நான் மறுபடி எடுக்கவில்லை. லாரிக்காரரின் சவுக்காரக் கட்டியைப் பற்றிக்கூட விசாரித்தேன். அது கதைதான்.

அக்கா அடுத்த வருடம் ஆடி மாதம் வந்து சேர்ந்தார். போய்ப் பதினைந்து மாதம் ஆகியிருந்தது. வந்த இரண்டாவது ஞாயிறு காலை, பலகைக்கு முன்னால் நான் ஊசிகளைப் பொறுக்கிக்கொண்டிருந்தபோது படியில் காலடி கேட்டது. அக்கா இளைத்து, கறுத்துப் போயிருந்தார். பின்னால் நாத்தனார், அவர் புடவையைப் பிடித்துக்கொண்டு அந்தப் பெண் குழந்தை. அதற்கு மூன்று வயது ஆகப்போகிறது. என் ஊசி டப்பாவை அது இப்போது கண்டுகொள்ளவில்லை.

எழுந்து அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டேன். அழுதேன். அவர் அழவில்லை.

"அவரு எல்லாம் சொன்னாரு" என்றார். "போய் வந்தவங்க பதினஞ்சு நாளுக்குள்ள எழுதணும்னு ஒரு விதி இருக்குன்னு அன்னைக்கிப் படிச்சிக் காட்டுனீங்கல்ல? நாளையோட பதினஞ்சு ஆவுது. நான் சொல்றேன், எழுதுங்க."

ஏழாவது விதிப்படி எங்கள் பலகைக்கு வந்த ஒரே அட்டை அது. புதிய கல்யாணப் பத்திரிகை ஒன்றை வெட்டி எடுத்தேன். அக்கா நிதானமாகச் சொன்னார், நான் எழுதினேன். முத்திரை குத்திய நாளிலிருந்து ஆறு மாதத்தை எண்ணுங்கள். கப்பல் நிச்சயமான பிறகு முத்திரை வாங்குங்கள். படிக்கத் தெரியாவிட்டால் தேதியை இரண்டு பேரிடம் காட்டிக் கேளுங்கள், ஒருவரிடம் மட்டும் கேட்காதீர்கள். இதைச் சொல்லும்போது அவர் என்னைப் பார்க்கவில்லை. பார்க்க வேண்டிய அவசியமும் இல்லை.

அந்த நேரத்தில் குழந்தை நாத்தனாரின் புடவையை இழுத்து, "அம்மா, போலாம்மா" என்றது. நாத்தனார் சட்டென்று குனிந்து, "இவதான்டி ஒன் அம்மா, அங்க பாரு" என்று அக்காவைக் காட்டினார். குழந்தை பார்த்தது. பார்த்துவிட்டு நாத்தனாரின் முழங்காலுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டது.

நான் பேனாவை அட்டையிலிருந்து எடுத்துவிட்டேன்.

"அதையும் எழுதுங்க" என்றார் அக்கா. "கைப்புள்ளய விட்டுட்டுப் போறவங்களுக்குத் தெரியட்டும். ரொம்ப நாள் ஆனா புள்ளைக்கு நம்ம மொகம் தெரியாது."

எழுதினேன்.

"கடைசியில 'நானே பாத்தது'ன்னு போடணும்ல?"

போட்டேன். நாலு மூலையிலும் ஊசி குத்தி, என் பழைய அட்டை இருந்த இடத்தில் வைத்தேன். நாத்தனார் குழந்தையைத் தூக்கிக்கொண்டு முன்னால் இறங்கினார். அக்கா குடையையும் பையையும் எடுத்துக்கொண்டு அவர்கள் பின்னால் போனார். ஆறாவது விதிப்படி அந்த அட்டையை ஆறு மாதத்தில் எடுத்திருக்க வேண்டும். எண்பதுகளில் கப்பல் நின்று, எல்லாரும் விமானம் ஏறத் தொடங்கி, வாசகசாலையை மூடிய நாள் வரைக்கும் அது அங்கேயே இருந்தது. எடுக்க எனக்குக் கை வரவில்லை.